கேட் திறந்தால் பறக்கிற நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காலை ஐந்தரை மணி. பால் பாக்கெட்டை எடுக்க, கை நுழையும் அளவுக்குத்தான் கேட்டைத் திறந்தேன். என் முழங்காலுக்கும் கேட் கம்பிக்கும் நடுவில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தால் மணியின் வால் தெருமுனையில் திரும்புகிறது. ஒரு காலில் செருப்பு, மறு காலில் இல்லை, கையில் அரை லிட்டர் பால். அந்தக் கோலத்தில் வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு தெரு ஓடினேன். ஓடிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தது அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு. நாய்க்கு மணி என்று பெயர் வைத்தது அதற்கும் முந்தைய தப்பு. "மணி! மணி!" என்று கத்தியதில் டீக்கடை பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

சிரிக்கலாம், ஆனால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை எங்கள் தெருக்களை ஒட்டித்தான் போகிறது. லாரிக்காரர் கண்ணுக்கு நாயும் பறக்கிற பாலித்தீன் பையும் ஒன்றுதான். நல்லவேளை, பால் போடுகிறவர் வண்டியை நிறுத்தி, "இன்னா சார், உங்க நாய் வூட்ல கீதா? சர்வீஸ் ரோட்டாண்ட டிபன் கடையில ஒண்ணு நிக்குது, அதே கலர்ல கீது" என்றார். போய்ப் பார்த்தால் மணி யாரோ போட்ட பொறையைத் தின்றுகொண்டு, என்னை எங்கேயோ பார்த்த ஆள் போலப் பார்த்தான்.

அதற்கப்புறம் இன்னும் நான்கு முறை ஓடினான். கடைசி ஒன்றரை வருடமாக ஓடவில்லை. நடுவில் நான் தெரிந்துகொண்டதை, முதன்முதலாக நாய் வளர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் நாய் இந்த நிமிடம் வெளியில் இருக்கிறது என்றால் நேராக 'ஓடியே விட்டது' என்ற பகுதிக்குப் போங்கள். மீதியை அது கிடைத்தபின் சாவகாசமாகப் படிக்கலாம்.

எதற்கு ஓடுகிறது?

"வேளாவேளைக்குச் சோறு போடுற வீட்டை விட்டு ஓடுதே, இதுக்கு என்ன குறை வெச்சோம்?" என்று என் அம்மா கேட்பார். நாய்க்கு நம் வீட்டின் மேல் ஒரு குறையும் கிடையாது. வெளியில் அதை ஏதோ இழுக்கிறது, அல்லது உள்ளே ஏதோ அதைத் துரத்துகிறது. எது என்று தெரியாமல் பூட்டை மாற்றிப் பயனில்லை.

ஒரு பழைய நோட்டை எடுத்து, ஓடும் ஒவ்வொரு முறையும் நாலு வரி எழுதுங்கள். எத்தனை மணிக்கு, யார் கேட்டைத் திறந்தபோது, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன சத்தம், எந்தப் பக்கம் போனது, எங்கே கிடைத்தது. மூன்று முறை எழுதுவதற்குள் ஒரு கதை தெரிய ஆரம்பிக்கும். மணியின் நோட்டில் மூன்று ஓட்டம் விடியற்காலையில், மூன்றும் ஒரே தெருவை நோக்கி. அந்தத் தெருவில் ஒரு வெள்ளைப் பெட்டை நாய் இருந்தது. மீதி இரண்டும் பட்டாசுச் சத்தத்துக்கு.

முதல் காரணம் அந்தப் பெட்டை நாய்தான், அதாவது இனச்சேர்க்கைப் பருவம். ஊரில் 'மார்கழி மாசத்து நாய்' என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. மழைக்காலத்திலிருந்து மார்கழி வரைக்கும் தெருவில் கூட்டம் கூட்டமாக நாய்கள் அலைவதைப் பார்க்கிறோம். பெட்டை நாய் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம். அந்த வாடை நாலு தெரு தள்ளி இருக்கும் ஆண் நாய்க்கும் எட்டும். அப்போது அதற்குச் சோறும் தெரியாது, நீங்களும் தெரியாது. பருவத்துக்கு வந்த பெட்டையும் தானாகவே வெளியேறப் பார்க்கும்.

இதற்குச் சங்கிலி மருந்தில்லை, கருத்தடை அறுவை சிகிச்சைதான் மருந்து. நாய்க்கு ஆறு மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரைப் பார்த்துப் பேசுங்கள். பெரிய உடம்புள்ள இனமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று அவர் சொல்லலாம், அவர் சொல்வதைக் கேளுங்கள். "பாவம், அதோட சந்தோஷத்தைக் கெடுக்கலாமா" என்று எங்கள் வீட்டில் ஒரு வருடம் பஞ்சாயத்து நடந்தது. அந்த ஒரு வருடத்தில்தான் அந்த மூன்று ஓட்டமும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஆண் நாய் சாமியாராகிவிடாது. உடம்பில் இருக்கும் ஹார்மோன் அடங்கச் சில வாரம் பிடிக்கும், அதுவரை கேட்டில் கண் இருக்கட்டும். ஏற்கெனவே பழகிப்போன ஊர்சுற்றல் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

இரண்டாவது பயம். இதை விவரமாகக் கீழே சொல்கிறேன், நம் ஊருக்கு இது தனிப் பாடம்.

மூன்றாவது சலிப்பு. நாள் முழுக்க இரண்டு முழச் சங்கிலியில் மாமரத்தடியில் கிடக்கும் நாய், அவிழ்த்தவுடன் ஓடாமல் வேறென்ன செய்யும்? 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்திலேயே, எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாயை உலாத்தக் கூட்டிப் போகாமல் விடுவது குற்றம் என்று இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், காலையும் மாலையும் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போய், வழியில் முகர்ந்து பார்க்க விட்டால் பாதி நாய்களின் ஓட்டம் நின்றுவிடும். முகர்வது நாய்க்குப் பேப்பர் படிக்கிற மாதிரி, பாதியில் இழுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். வேலூர் வெயிலில் பத்து மணித் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், அப்புறம் நாயை நடத்தத் தோன்றாது.

நான்காவது பிறவிக் குணம். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்கள் அசைவதைக் கண்டால் துரத்தும். அதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. எவ்வளவு பழக்கினாலும் ஒரு முயலோ பூனையோ குறுக்கே ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. அவற்றுக்கு வெளியில் எப்போதும் கயிறு, வீட்டில் உயரமான சுவர். ஐந்தடிச் சுவர் அவற்றுக்கு வாசற்படி. சைபீரியன் ஹஸ்கியும் இந்த ரகந்தான்: தோண்டும், தாண்டும், ஓடும். பனியில் வண்டி இழுக்கப் பிறந்ததை வேலூரில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓடுகிறதே என்று வருத்தப்படுபவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கேட்டையும் சுவரையும் நாயின் உயரத்தில் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த உயரத்திலிருந்து காம்பவுண்டைச் சுற்றி வாருங்கள். அக்கம்பக்கத்தில் பார்த்தால் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி? தலை நுழைந்தால் பெரும்பாலும் உடம்பும் நுழையும். அடியில் ஒரு பலகையோ கடப்பாக்கல் துண்டோ வைத்து அடைக்கலாம். கம்பிகளுக்கு நடுவே குட்டி நுழையும் என்றால் கீழ்ப்பாதிக்குக் கம்பிவலை கட்டுங்கள்.

அடுத்து, சுவரை ஒட்டி என்ன கிடக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பின்பக்கம் துணி துவைக்கிற கல். மணி அதன்மேல் ஏறி, அங்கிருந்து மோட்டார் பெட்டியின் மூடிக்குத் தாவி, அங்கிருந்து சுவர்மேல் ஏறி, பக்கத்து வீட்டு முருங்கைக்கடியில் குதித்திருக்கிறான். பெட்டி மூடியின் தூசியில் நான்கு கால்தடம் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கல்லை நகர்த்த முடியாது, மோட்டார் பெட்டிக்கு மேல் சரிவாக ஒரு தகரத்தை அடித்துவிட்டேன். இரண்டு முறை சறுக்கி விழுந்துவிட்டு அந்த வழியை விட்டுவிட்டான். சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதை மட்டும் செய்யாதீர்கள். வெறி பிடித்துத் தாவுகிற நாய் சில்லைப் பார்த்து நிற்காது, வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்.

நாதாங்கியை மூக்கால் தூக்கக் கற்றுக்கொள்ளும் நாய்களும் உண்டு. அப்படியானால் நாதாங்கிக்குள் ஒரு கொக்கி மாட்டிவையுங்கள். கேட் தானாக மூடிக்கொள்ள ஒரு ஸ்பிரிங் போட்டால் மறதிக்கு மருந்து.

ஆனால் கேட்டை நாய் திறப்பதைவிட மனிதர்கள் திறப்பதுதான் அதிகம். தண்ணீர் கேன் போடுகிறவர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், கூரியர் பையன், "அக்கா இருக்காங்களா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் பாடம் எடுக்க முடியாது. ஒரே வழி, இரண்டு தடுப்பு. கேட் திறந்திருக்கும்போது வீட்டுக் கதவு மூடியிருக்க வேண்டும், வீட்டுக் கதவு திறந்திருக்கும்போது கேட் மூடியிருக்க வேண்டும். வெராந்தாவில் கம்பிக்கதவு இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இல்லாவிட்டால் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சின்னத் தடுப்புக் கதவு அடிக்க வெல்டிங் பட்டறையில் சொல்லுங்கள். கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதுவதைவிட 'நாய் ஓடிவிடும், கேட்டை மூடவும்' என்று எழுதிப் பாருங்கள். முன்னதைப் பார்த்தால் வெளியே நின்று கத்துவார்கள், பின்னதைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே மூடிவிட்டுப் போவார்கள்.

பெல்ட், கயிறு, போன் நம்பர்

கழுத்து பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று விரல் நுழைந்தால் தளர்வு. குட்டிக்கு மாதம் ஒருமுறை பார்த்து ஓட்டையை மாற்றுங்கள். கன்னி, சிப்பிப்பாறைக்குத் தலையைவிடக் கழுத்து பருமன், சாதாரண பெல்ட் பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். பெல்ட்டைக் கண்டால் நாயைக் காணோம் என்றாகிவிடும். இழுத்தால் கொஞ்சம் இறுகி, விட்டால் தளர்கிற வகை பெல்ட் கிடைக்கிறது. இல்லாவிட்டால் மார்போடு சேர்த்து மாட்டுகிற ஹார்னஸ் போடுங்கள். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு இரண்டையும் போட்டு, இரண்டிலும் கயிற்றை மாட்டுங்கள்.

பெல்ட்டில் உங்கள் போன் நம்பர் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர்ப்பலகை செய்கிற கடையில் சின்னத் தகட்டில் பொறித்துத் தரச் சொல்லலாம். அதுவரை துணி பெல்ட்டில் அழியாத மார்க்கரால் எழுதுங்கள். நாயின் பெயரை எழுத வேண்டாம், இரண்டு போன் நம்பரை எழுதுங்கள்.

மைக்ரோசிப் என்பது அரிசி அளவில் ஒரு சில்லு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி போலப் போடுவார்கள். அதில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது, அதற்கான கருவி வைத்துப் படித்தால்தான் எண்ணே தெரியும். நாய் யாருடையது என்று வழக்கு வந்தால் பயன்படும். இடம் காட்டுவது ஜிபிஎஸ் கருவி. அதற்குச் சார்ஜும் செல்போன் சிக்னலும் வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டுகிற புளூடூத் வில்லைகள் பக்கத்தில் பொருத்தமான போன் இருந்தால்தான் வேலை செய்யும். பஜாரில் பரவாயில்லை, பாலாற்று மணலில் யாரிடம் போன் இருக்கும்? காசு குறைவாக இருந்தால் முதலில் தகடு, அப்புறம் மற்றது.

'வா' என்றால் வருவதற்கு

பெரும்பாலான வீடுகளில் நாயைக் கூப்பிடுவது எதற்கு? குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, கட்டிப்போட, திட்ட. வந்தால் கெட்டது நடக்கும் என்று நாமே பாடம் நடத்திவிட்டு, வரமாட்டேன் என்கிறதே என்று குறைப்படுகிறோம்.

வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நான் 'லட்டு' என்று வைத்தேன், டீக்கடையில் யாரும் எழுந்து நிற்பதில்லை. முதல் வாரம் ஹாலுக்குள் மட்டும். இரண்டடி தூரத்தில் நின்று ஒரே ஒரு முறை சொல்லி, வந்தவுடன் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. பிஸ்கெட் தினமும் கிடைப்பது, அதற்காக ஒரு பூனையை விட்டுவிட்டு வராது. ஈரலுக்கு வரும். ஒரு நாளைக்குப் பத்து தடவை போதும். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒருபோதும் குளிப்பாட்டாதீர்கள், திட்டாதீர்கள்.

இரண்டாவது வாரம் வேறு அறையிலிருந்து கூப்பிடுங்கள். மூன்றாவது வாரம் காம்பவுண்டுக்குள். அப்புறம் மைதானத்தில் பத்து மீட்டர் கயிற்றில். நைலான் கயிறு வேண்டாம், இழுபட்டால் உள்ளங்கை வெந்துவிடும், பட்டையான நாடாக் கயிறு நல்லது. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது: வந்ததும் தீனி கொடுத்துவிட்டு, உடனே மறுபடி விளையாடப் போகவிடுங்கள். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை போகவிட வேண்டும். கூப்பிட்டவுடன் வீட்டுக்குப் போகிற நேரம் என்றால் எந்தப் பிள்ளைதான் வரும்? கயிறு இல்லாமல் விடுவதற்குக் குறைந்தது மூன்று நான்கு மாதம் பொறுங்கள். சாலையோரத்தில் எத்தனை வருடம் பழகினாலும் கயிறு வேண்டும்.

கேட்டருகே நிற்கப் பழக்குவது தனி. நாயை உட்காரச் சொல்லிவிட்டு நாதாங்கியில் கை வையுங்கள். எழுந்தால் கையை எடுத்துவிடுங்கள். உட்கார்ந்தால் மறுபடி கை. இப்போது ஓர் அங்குலம் திறங்கள், எழுந்ததா, மூடுங்கள். வாய் பேச வேண்டாம், கேட்டே பேசட்டும். முதல் நாள் மணி இருபத்தேழு முறை எழுந்தான், எண்ணினேன். மூன்றாம் வாரம் கேட் முழுதாகத் திறந்திருக்க, வெளியில் ஒரு ஆடு போக, உட்கார்ந்த இடத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தான். ஆனால் எழவில்லை. இதெல்லாம் கயிறு மாட்டிய பிறகுதான், ஞாபகம் இருக்கட்டும்.

பட்டாசு, பறை, திருவிழா

தீபாவளிக்குத் தயாராகிவிடுவோம், தேதி தெரியும். மாசியில் பாலாற்றங்கரை மயானக்கொள்ளை, சித்ரா பௌர்ணமியில் புஷ்பப் பல்லக்கு, வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, தையிலிருந்து கிராமம் கிராமமாக எருது விடும் விழா, இவையும் காலண்டரில் இருக்கின்றன. தேதியில்லாமல் வருவது சாவு ஊர்வலம். வட ஆற்காட்டுப் பக்கம் பறையும் சரவெடியும் இல்லாமல் பெரிய சாவு புறப்படாது. மணி தொலைந்துபோனது அப்படி ஒரு மாலையில்தான். நடந்துபோய்க்கொண்டிருந்தோம், முனையில் பத்தாயிரம் வாலா வெடித்தது, பின்பக்கமாக ஒரு இழு இழுத்தான், என் கையில் கயிறும் காலி பெல்ட்டும் இருந்தன.

தேதி தெரிந்த நாட்களில் இருட்டுவதற்கு முன்னாலேயே நடை, சாப்பாடு எல்லாம் முடித்துவிடுங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறையில், கட்டிலுக்கடியில் பழைய போர்வை, ஃபேன் முழு வேகத்தில், டிவி கொஞ்சம் சத்தமாக. ஒளிந்துகொள்ள விடுங்கள், வெளியே இழுத்துத் "தைரியமா இரு" என்று பழக்காதீர்கள். நடுங்கும்போது உங்கள் மடியில் வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுக்கலாம், அதனால் பயம் கூடாது. ரொம்பப் பயப்படுகிற நாய்களுக்கு மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார், பயம் வருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டியது அது. வீட்டில் இருக்கும் மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். திடீரென்று பறைச் சத்தம் கேட்டால், நடையைப் பாதியில் நிறுத்திவிட்டு எதிர்த் திசையில் வீட்டுக்குத் திரும்புங்கள்.

ஓடியே விட்டது

கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? துரத்தாதீர்கள். நீங்கள் ஓடினால் அதற்கு அது விளையாட்டு, அல்லது ஆபத்து, இரண்டுக்கும் அது இன்னும் வேகமாகத்தான் ஓடும். நெடுஞ்சாலைப் பக்கமோ காட்பாடித் தண்டவாளப் பக்கமோ நீங்களே துரத்திவிட்டதாகிவிடும். திரும்பி, எதிர்ப் பக்கமாக நாலடி ஓடுங்கள், சிரித்துக்கொண்டே கூப்பிடுங்கள். அல்லது அப்படியே உட்கார்ந்து தரையில் எதையோ தேடுவது போல் நடியுங்கள். கவரைச் சரசரவென்று பிரியுங்கள். மணிக்கு ஸ்கூட்டரில் முன்னால் நிற்பது என்றால் உயிர். ஸ்டார்ட் பண்ணி ஹாரன் அடித்தால் எங்கிருந்தாலும் வந்து ஏறிக்கொள்வான். உங்கள் நாயை எந்தச் சத்தம் இழுக்கும் என்று இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். வந்தவுடன் பாய்ந்து பிடிக்க வேண்டாம், தீனியைக் கொடுத்தபடி பெல்ட்டுக்கடியில் மெதுவாக விரலை விடுங்கள்.

கண்ணுக்கு எட்டவில்லை என்றால் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். ஒருவர் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கட்டும். பல நாய்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தானே வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்து மறுபடி போய்விடுகின்றன. ஒருவர் நடந்து, ஒருவர் வண்டியில். கையில் கயிறு, தீனி, போனில் முழு உடம்பும் தெரிகிற படம்.

யாரைக் கேட்பது? விடியற்காலையில் தெருவில் இருப்பவர்களை. பால் போடுகிறவர், பேப்பர் போடுகிற பையன், மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், ஏடிஎம் வாட்ச்மேன், ஆட்டோ ஸ்டாண்ட், டீ மாஸ்டர், இஸ்திரி வண்டிக்காரர். எல்லாரையும்விட முக்கியமானவர், தினமும் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிற ஒருவர் எல்லா ஏரியாவிலும் இருப்பார். புது முகம் ஒன்று வந்திருக்கிறது என்று முதலில் தெரிவது அவருக்குத்தான்.

தெருநாய்க் கூட்டத்தின் எல்லைகளையும் பாருங்கள். நாய்க்கு வழி தெரிந்தாலும், நடுவில் ஒரு கூட்டம் நின்றால் அந்தத் தெருவைத் தாண்டி வீட்டுக்கு வர முடியாது. எங்கேயாவது பதுங்கி நிற்கும். நின்றிருக்கும் வண்டிகளுக்கடியில், கால்வாய்ப் பலகைக்கடியில், கட்டி முடிக்காத வீடுகளில், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டின் பின்பக்கம் பாருங்கள். விடியற்காலை நான்கு முதல் ஆறு நல்ல நேரம், வண்டிச் சத்தம் இருக்காது.

மணி கிடைத்தது மூன்றாம் நாள் காலை நாலரைக்கு, வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. பாதியில் நின்ற ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கடியில், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால். டார்ச் அடித்தால் இரண்டு கண். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், உறுமினான். என்னைப் பார்த்து, என் மணி. மிரண்டுபோன நாய்க்குச் சொந்தக்காரனும் அடையாளம் தெரியாமல் போகும் என்று முன்பே படித்திருந்ததால் பிழைத்தேன். டார்ச்சை அணைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு துண்டு சுட்ட கருவாடு. கொசு பிடுங்கியது. இருபது நிமிடம் ஆகியிருக்கும், முழங்கைக்கடியில் ஈரமாக ஏதோ இடித்தது. அதன்பின்தான் அவன் வாலே ஆடியது.

முதல் நாளில் கிடைக்காவிட்டால் நீங்கள் கட்டிய லுங்கியைத் துவைக்காமல் கேட்டருகே போட்டு, பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். கடைசியாகப் பார்த்த இடத்திலும் அப்படியே. நோட்டீஸ் அடிக்கிறீர்கள் என்றால் எழுத்தைக் குறையுங்கள். 'நாய் காணவில்லை', பெரிய படம், இடம், தேதி, போன் நம்பர். பைக்கில் போகிறவர் படித்துவிட வேண்டும். ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள், இடது காதுக்குள் மச்சம் மாதிரி. "நாய் எங்ககிட்ட இருக்கு, மொதல்ல ரெண்டாயிரம் ஜிபே பண்ணுங்க" என்று போன் வரும். அப்போது அந்த அடையாளத்தைக் கேளுங்கள், அல்லது வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். நாயைக் கண்ணால் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் போடும் படத்தின் மேலேயே தேதியை எழுதுங்கள், இல்லாவிட்டால் நாய் வீடு வந்து ஆறு மாதம் கழித்தும் ஆம்பூரிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள்.

பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளில் படத்தைக் கொடுத்துவையுங்கள். மாநகராட்சியின் நாய் பிடிக்கிற வண்டி அந்தப் பக்கம் வந்ததா என்றும் விசாரியுங்கள். பெல்ட் இல்லாமல் இருந்தால் கருத்தடைக்காகப் பிடிக்கப்பட்டிருக்கலாம், தடுப்பூசிப் புத்தகத்தோடு நேரில் போங்கள். யாராவது எடுத்துப் போய்விட்டார்கள் என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். நாய் உங்கள் உடைமை, எடுத்துப் போனால் திருட்டுதான். பழைய படங்களும் தடுப்பூசிப் புத்தகமும் அப்போது சாட்சி.

வெளியில் போன நாய் யாரையாவது கடித்துவிட்டால், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வைத்து, அன்றைக்கே மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். உங்கள் நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருந்தாலும் போக வேண்டும், ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். நாயைப் பத்து நாள் வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள். வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக விட்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு, இரண்டும்கூட வரலாம்.

வீடு வந்த பிறகு

அடிக்காதீர்கள். ஓடியதற்கு அடிக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது, திரும்பி வந்ததற்கு அடி என்றுதான் புரிந்துகொள்ளும். கோபம் வந்தால் கேட்டைத் திறந்தவரைத் திட்டிக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெயிலில் அலைந்து நாக்கு தொங்கி, எச்சில் நூலாக வடிந்து, தள்ளாடினால் அது வெயில் தாக்கு. வயிறு, தொடை, பாதங்களைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனைத்து, ஃபேனடியில் வைத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி, விரல்களுக்கு நடுவே முள், காதுக்குள் உண்ணி, முடிக்கடியில் பல் பட்ட காயம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சின்னக் கடிக்காயமாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் சோர்ந்து படுத்து, சாப்பிடாமல், காய்ச்சலாக இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பருவத்தில் இருந்த பெட்டை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். இல்லாவிட்டால் ஏறக்குறைய 63 நாளில் குட்டிகளுக்கு வீடு தேட வேண்டியிருக்கும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. வீடு மாறிய முதல் மாதம் நாய் ஓடினால் பெரும்பாலும் பழைய வீட்டுக்குத்தான் போகும். முதல் சில வாரம் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள், புது வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் நடத்திக் காட்டுங்கள். காலி பண்ணும்போது பழைய வீட்டு ஓனரிடமும் எதிர்வீட்டாரிடமும் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நம்பரை மாற்றினால் பெல்ட் தகட்டையும் அன்றைக்கே மாற்றுங்கள். மணியின் தகட்டில் இருந்தது நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம்மின் நம்பர். அவன் தொலைந்த அன்று இரவுதான் அது எனக்கு நினைவுக்கு வந்தது.